மரியம்மா புரட்டிய முட்டைகள்

அன்று காலை காவிரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே கர்நாடகத்தில் மழை. ஒகேனக்கல்லுக்குக் கீழே, மணல்திட்டு ஒன்றில் முந்தைய இரவு ஆமை முட்டையிட்ட குழி நீர்விளிம்பை ஒட்டி இருந்தது. மதியத்துக்குள் மூழ்கிவிடும் என்றார் பரிசல்காரர் மாதப்பன்.

எழுபதுகளின் பிற்பகுதி. பென்னாகரத்தில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். பள்ளி ஆசிரியர் சவரிமுத்து, சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் சிலர் கடலாமை முட்டைகளை வேலிக்குள் புதைத்துக் காப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆற்றாமைகளுக்கும் அதைச் செய்யலாம் என்றார். செய்தி எடுக்கப் போன நான் வேலி கட்ட நின்றுவிட்டேன்.

பரிசல்துறையில் ஆமை முட்டைகளைத் தோண்டி அவித்துத் தின்பது வழக்கம். மாதப்பன் எங்களோடு சேர்ந்ததே ஒரு நிபந்தனையோடுதான்.

"இந்தக் குழி பொரிக்கட்டுங்க சார். எங்காளுங்க கிட்ட நானே சொல்லி நிறுத்தறேன். பொரிக்கலைன்னா, வீணாப் போறது வயித்துக்காவது போவட்டும்னு உட்டுடணும்."

வேகமாகத் தோண்டி முட்டைகளை எடுத்தோம். நரிக்குப் பயந்து இரண்டாகப் பிரித்தோம். பாதியை மாதப்பன் மேட்டு மணலில் புதைத்து முள் போட்டு மூடினார். மறுபாதியை, கரையில் வெள்ளரி போட்டிருந்த மரியம்மா தன் குடிசைக்குப் பக்கத்தில் மணல் குழி எடுத்து வைத்துக்கொண்டார். நாய் வராமல் சுற்றிலும் படல் கட்டினார். மாதப்பன் தான் புதைத்த குழியை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். மரியம்மா அவரை விட மாட்டார்.

"ஏன்டா மாதப்பா, பொதைச்சதோட சரியா? ஒருக்காவது தொட்டுப் பாத்தியா?"

"அது என்ன உங்க வூட்டுக் கோழியாக்கா? கெடக்கட்டும் உடு."

"பீடி குடிக்கத்தான் நீ லாயக்கு."

பல வாரங்கள் கழித்து ஒரு நாள் காலை மாதப்பன் பரிசலிலிருந்தே சத்தம் போட்டார். போய்ப் பார்த்தோம். மேட்டு மணல் உள்வாங்கியிருந்தது. ரூபாய்க் காசு அளவுக் குஞ்சுகள் முள்ளுக்கு அடியில் நுழைந்து தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மரியம்மாவின் குழியில் அசைவே இல்லை. மேலும் சில நாள் காத்திருந்துவிட்டுத் தோண்டினோம். ஒன்றிலும் உயிர் இல்லை.

"என்ன பண்ணினீங்க மரியம்மா?" என்றார் சவரிமுத்து.

"தெனம் காலையில ஜெபம் முடிச்சதும் மண்ணத் தள்ளி, ஒவ்வொண்ணா மெதுவாப் பெரட்டி வெச்சேனுங்க. பெட்டைக்கோழி அடையில அப்படித்தானே பண்ணுது?"

சேலத்தில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் சவரிமுத்து விசாரித்தார். கோழி முட்டையைப் புரட்ட வேண்டும். ஆமை முட்டையில் கரு ஓட்டின் மேற்பக்கமாக ஒட்டி வளரும். அதன்பின் புரட்டினால் செத்துவிடும். எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

பரிசல்துறையில் கேலி தொடங்கியது.

"பாதி போச்சாமே மாதப்பா? அப்பவே அவிச்சிருந்தா ஆளுக்கு நாலு வந்திருக்கும்."

கணக்குப் பார்த்தால் மாதப்பனின் நிபந்தனை பாதிதான் நிறைவேறியிருந்தது. என்ன சொல்வாரோ என்று காத்திருந்தோம்.

"பாதி பொரிச்சுதில்ல? இனிமே எவனாவது தோண்டினா என் பரிசல்ல ஏத்த மாட்டேன்," என்றார்.

மரியம்மா அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். மறு பருவத்தில் புதிய குழி ஒன்று கிடைத்தபோது மாதப்பனே அவர் வீட்டுக்குப் போனார். நானும் உடன் இருந்தேன்.

"எனக்கு வேணாண்டா. என் கைபட்டா வெளங்காது."

"கைய வூட்டுல வெச்சிட்டு வாக்கா. கண்ணு மட்டும் போதும்."

வந்தார். கையில் கோலோடு குழியிலிருந்து தள்ளியே உட்கார்ந்து நாயையும் காக்கையையும் விரட்டினார். மண்ணைத் தொடவில்லை. அந்தக் குழி பொரித்தது.

இன்றும் ஆமை முட்டை காக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்ன செய்ய வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதையும் செய்யாமல் தினமும் வந்து உட்கார முடியுமா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.