அப்பாவின் தொடையில் ஒரு பிழை

முதலாண்டு உடற்கூறியலில் ஒருமுறை கோட்டை விட்டவன் நான். மறுதேர்வின் வாய்மொழித் தேர்வு மறுநாள். தொடை மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. தசைகளையாவது சமாளித்துவிடலாம். தொடையின் மேல்பக்கம் நரம்பு, தமனி, சிரை மூன்றும் அடுத்தடுத்து இறங்குமே, அந்த வரிசைதான் என் உயிரை வாங்கியது.

தஞ்சாவூர் விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். காலையிலிருந்து நடவு வயலில் நின்ற அப்பா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டவுசரோடு கூடத்தில் மல்லாந்து கிடந்தார். தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. தங்கையின் ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துக்கொண்டு அவருடைய வலது தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். மஞ்சள் காய்ந்துபோயிருந்ததால் நரம்புக்குப் பச்சை. புத்தகத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டு, அந்தத் திருப்தியில் நானும் தூங்கிப்போனேன்.

அப்பா எழுந்து, தூக்கக் கலக்கத்திலேயே டவுசருக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய், அதை அவிழ்த்து வரப்பில் வைத்திருக்கிறார். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அலறினார்.

"ஐயையோ, அந்தக் காலப் பாருங்க! என்னமோ கடிச்சிருக்கு, விஷம் ஏறுது!"

குனிந்து பார்த்த அப்பாவுக்கு உடனே தலை சுற்றிவிட்டது. பக்கத்து வயல்காரர் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, முதுகில் விழுந்த அடியில்தான் கண் விழித்தேன். எதிரே அப்பா. தொடையில் என் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி.

"ஏன்டா, வரைஞ்சதுதான் வரைஞ்ச, சரியா வரைஞ்சு தொலைக்கக் கூடாதா? டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. 'ஐயா, உங்க பையன் வரிசையத் தலைகீழாப் போட்டிருக்காரு. வெளியேருந்து உள்ள நரம்பு, தமனி, சிரை'ங்குறாங்க. என் மானமே போச்சு!"

புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இருந்தது இடது தொடை; நான் வரைந்ததோ வலதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கும் தோற்றுவிடுவேன் என்றேன்.

அப்பா உட்கார்ந்து இடது காலை நீட்டினார்.

"இதுல வரை. கூசுது, சீக்கிரம்."

இரண்டு முறை வரைந்தேன், இரண்டு முறை அழித்தேன். நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தேர்வாளர் அதையேதான் கேட்டார். "வெளியேருந்து உள்ள" என்று அப்பா கத்தியது காதில் கேட்டது. மளமளவென்று சொல்லிவிட்டேன்.

பாஸான செய்தியைப் போனில் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது இதுதான்:

"எந்தக் காலு கேட்டாங்க?"