பச்சை பெல்ட்டும் ரிவால்வரும்

ராயபுரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிக் கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொன்னார்: “துப்பாக்கிய அப்பறம் காட்டு. மொதல்ல ஆள பாரு.”

நாம் என்ன பெண் பார்க்கவா வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். போகப் போகத்தான் விளங்கியது. விரல் ட்ரிகரை எட்டுகிறதா, கண் எப்படி, வீட்டில் அலமாரியைக் குடையும் பிள்ளைகள் உண்டா, ஆள் முன்கோபியா என்று பார்க்காமல் கைத்துப்பாக்கி விற்பது, அளவெடுக்காமல் சட்டை தைக்கிற கதைதான்.

எங்கள் கடையில் ‘ஒத்திகை’ என்று ஒரு வழக்கம் உண்டு. காலி ரிவால்வரை உறையோடு இடுப்பில் மாட்டிவிட்டு, வாங்க வந்தவர் தினமும் செய்கிற வேலையை அங்கேயே செய்துகாட்டச் சொல்வோம்.

ஒருநாள் சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி தனபால் அண்ணன், மனைவி குமுதா அக்காவோடு வந்தார். கூலிப் பணத்தோடு போனவரிடம் பைக்கில் வந்த இருவர் பையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள். பணம் தப்பியது. ஆனால் மனிதர் அதற்குப் பிறகு தனியாகத் தன் இரும்பு யார்டுக்குப் போகவே இல்லை. தொழிலையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் பயம் என்று அக்காதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“இருக்கறதுலயே பெர்சா ஒண்ணு குடுப்பா. பாத்தாலே அவனுங்க பேஜாராவணும்,” என்றார் அண்ணன்.

பெரியதைக் கொடுத்தேன். எப்போதோ இரும்புத் தகட்டில் வெட்டுப்பட்ட ஆள்காட்டி விரல், ட்ரிகர் வரைக்கும் மடங்கவில்லை. அண்ணன் முகம் தொங்கிப்போனது. சின்னது ஒன்றை எடுத்து, சிலிண்டரைத் திறந்து காலி என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தேன். கைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்தது ஒத்திகை. அண்ணன் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருந்தார். துப்பாக்கியோடு உறையை அதில் மாட்டினேன். கம்பிக் கட்டைத் தூக்குகிற மாதிரி குனிந்தார். பெல்ட் கனத்தில் சரிந்தது, கூடவே வேட்டியும்.

“யோவ், திருடன் வர்றதுக்கு முன்னாடி வேட்டி பூடும்யா!” என்று அக்கா சிரித்த சிரிப்பில் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அண்ணனும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெல்ட்டை இறுக்கிக் கட்டி மறுபடி குனிந்தார். அந்த நேரம் பார்த்து, அவர்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் சேவியர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அண்ணனின் பள்ளிக்கூட தோஸ்து. வழக்கம்போல, “இன்னா மாமு!” என்று பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்.

அண்ணன் சட்டென்று திமிறித் திரும்பினார். ரிவால்வர் சேவியரின் நெஞ்சில் இருந்தது. டக் என்று சத்தம்.

காலி துப்பாக்கிதான்.

“இன்னாடா இது, கட்டிப்புடிச்சதுக்கு சுட்டுட்டியே?” என்றார் சேவியர்.

அண்ணன் துப்பாக்கியை என்னிடம் நீட்டி, “இத்த உள்ள வைப்பா. எனுக்கு ஒத்துவராது,” என்றார். கண் கலங்கிவிட்டது.

“சும்மா கெத்துக்கு வாங்குறேன்னு தானடா சொன்ன?” என்றார் சேவியர்.

“பயமா கீதுன்னு உன்னாண்ட எப்டிடா சொல்றது?”

“அட லூசு! தெனம் காலீல உன்ன யார்டுல இட்டுக்கினு போய் வுட்டுட்டு அப்பால சவாரிக்குப் போறேன். இத்தச் சொல்ல உனுக்கு இன்னா கேடு?”

இந்தத் தடவை அண்ணனே கட்டிப்பிடித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கைக்கு வந்த வியாபாரம் போனதைக்கூட மறந்து முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார்.

இப்போது யார் கைத்துப்பாக்கி வாங்க வந்தாலும், கையின் அளவைப் பார்க்கும் முன் நான் கேட்பது இதைத்தான்: “உங்களப் பின்னாலேர்ந்து கட்டிப்புடிக்கிற ஆளு யாராச்சும் இருக்காங்களா?” சிரித்துக்கொண்டே பெயர் சொல்கிறவர்களிடம், வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை யோசித்துவிட்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. முதலாளி திட்டுகிறார். திட்டட்டும்.