பக்கத்துக் கப்பல்

வக்கீல் முதல் நாள் எங்களைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எந்தக் கம்பெனி வேலையில அடிபட்டான்?" என்றார். நானும், எங்கள் கும்பல் ஆட்கள் நாலு பேரும், கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு நின்ற என் தங்கை புருஷனும் ஒரே மூச்சில் எங்கள் கம்பெனியின் பெயரைச் சொன்னோம். சுத்தப் பொய். அவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்திலிருந்து நடந்தே துறைமுகத்துக்குப் போவோம். கப்பலிலிருந்து சரக்கு இறக்கப் பல கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரிகள், மேஸ்திரிக்குக் கீழே எங்களைப் போன்ற கும்பல்கள். இடுப்புக் கயிற்றில் கம்பெனி கொடுத்த பித்தளை டோக்கன் தொங்கும். அது இருந்தால்தான் கேட்டில் விடுவார்கள். அந்தக் கம்பெனி எடுத்த கப்பலில் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். வேறு கம்பெனிக் கப்பலில் காலை வைத்தது தெரிந்தால் டோக்கனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஜென்மத்துக்கும் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது.

சட்டம் அப்படி, நடப்பு வேறு. பக்கத்துக் கப்பலில் ஆள் குறைந்தால் அந்த மேஸ்திரி வந்து எங்கள் மேஸ்திரியின் காதைக் கடிப்பான். எங்கள் ஆள் கண்ணைக் காட்டுவான், நாங்கள் ஐந்தாறு பேர் நைசாக அங்கே போய்விடுவோம். அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிற மாதிரி ஆளை வாங்கிக்கொள்வார்கள், இன்னொரு நாள் திருப்பித் தருவார்கள். கைமாத்து என்று இதற்குப் பெயர். இதை யாரும் மேலே சொல்வதில்லை. சொன்னால் போனவன் அத்தனை பேரின் டோக்கனும் போகும், அனுப்பிய மேஸ்திரியும் போவான்.

அன்றைக்குக் கைமாத்துப் போன ஆறு பேரில் நானும் என் தங்கை புருஷனும் இருந்தோம். அவனை நான் மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். பக்கத்துக் கப்பலின் அடியறையில் இரும்புக் கம்பிக் கட்டுகள் கிடந்தன. கீழே நாங்கள் கயிறு மாட்ட, மேலே விஞ்சு எந்திரம் தூக்கும். மாப்பிள்ளை கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், நார் நாரா கீது" என்றான். அந்தக் கம்பெனி ஆள் மேலிருந்து, "சொம்மா மாட்டுப்பா, தாங்கும்" என்று கத்தினான். எங்கே தாங்கியது? மூன்றாவது தூக்கிலேயே அறுந்து, கட்டு முழுவதும் மாப்பிள்ளையின் வலது காலில் விழுந்தது.

எப்படியோ மேலே ஏற்றி, கரையில் இறக்கினோம். அங்கேயே படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்தவன் அதைத்தான் செய்வான். "இங்க வாணாம்பா. நம்ம கப்பலாண்ட தூக்கினு போய்டலாம். இல்லாங்காட்டி எல்லார் டோக்கனும் காலி" என்று ஒரு குரல் கேட்டது. மேஸ்திரியின் குரல் இல்லை, அவன் அந்தப் பக்கமே இல்லை. அது என்னுடைய குரல். என் கூடப் பிறந்தவளின் புருஷன் கால் நைந்து கிடக்கிறான், நான் டோக்கனைப் பற்றிப் பேசினேன். அவன் கண்கள் செருகியிருந்தன, "யம்மா யம்மா" என்று முனகினான். அவன் காதில் எதுவும் விழுந்திருக்காது என்றுதான் நினைத்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு பர்லாங் தூரம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் கப்பலின் ஓரம் கிடத்திவிட்டு, அங்கேதான் அடிபட்டது என்று சொன்னோம்.

ஆஸ்பத்திரியில் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். "யாருய்யா இவனை இப்படித் தூக்கிட்டு வந்தது? பலகை வெச்சுக் கட்டி அசையாம கொண்டாந்திருந்தா முட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்று டாக்டர் கத்தினார். தங்கை பக்கத்திலேயே நின்றிருந்தாள். நாங்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம்.

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், இடுப்பில் குழந்தை. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் வேர்க்கடலை உடைக்கப் போக ஆரம்பித்தாள். பூனாவில் செய்து தருகிற கால் ஒன்று உண்டு, அதை மாட்டினால் கட்டையில்லாமல் நிற்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலும், உட்கார்ந்து பிழைக்க ஒரு பெட்டிக்கடையும் வேண்டும். இரண்டும் கம்பெனி தரும் நஷ்டஈட்டை நம்பித்தான் இருந்தன. வேறு எதை விற்று வாங்குவது? எங்களிடம் என்ன இருந்தது?

மேஸ்திரி இருக்கிறானே, அவன் வாயில் தேன்தான் ஒழுகும். "நான் கம்பெனில பேசிக்கினு கீறேன் நைனா. கோர்ட்டு கீர்ட்டுன்னு போய் பேஜாரு பண்ணிக்காதீங்க" என்று பத்து மாதத்தை ஓட்டினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மண்ணடியில் அந்த வக்கீலிடம் போனோம். நல்ல மனுஷர். பீஸ் வேண்டாம், ஜெயித்தால் பார்க்கலாம் என்றார். அவரிடம்தான் அந்தப் பொய்யைச் சொன்னோம். மேஸ்திரி காட்டிக்கொடுக்க மாட்டான், கொடுத்தால் அவனும் மாட்டுவான் என்ற தெம்பு எங்களுக்கு. கம்பெனி எதுவானால் என்ன, காலை எடுத்தது துறைமுகம்தானே, யாராவது ஒருவன் கொடுக்கட்டுமே என்றுதான் நினைத்தோம். மடையர்கள்.

கம்பெனி வக்கீல் பதில் போடாமல் ஒரு வாய்தா வாங்கினார். இன்னொரு வாய்தா வாங்கினார். மூன்றாவது தடவை பதில் வந்தது. அன்று எங்கள் கப்பலில் ஒருவனுக்கும் அடிபடவில்லை, பக்கத்துக் கப்பலில் வேறு கம்பெனியின் வேலையில் ஒருவனுக்குக் கால் நசுங்கியது, இதோ அந்தக் கப்பல் அதிகாரி எழுதிய டைரியின் நகல் என்று போட்டிருந்தார்கள்.

வக்கீல் அதைப் படித்துக் காட்டிவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், தூக்கிக்கொண்டு போகிற யோசனை யாருடையது என்பதைத் தவிர. அவர் எழுந்து நின்றுவிட்டார். "கேட்டேனேய்யா! முதல் நாளே கேட்டேனேய்யா!" என்று மேஜையைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அந்தக் கம்பெனியையும் கேசுல சேத்துடுங்க ஐயா" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"சேர்க்கலாம். ஆனா புதுசா ஒரு பிரதிவாதியைச் சேர்த்தா, அவன் மேல வழக்கு இன்னைக்குத்தான் போட்டதா சட்டம் எடுத்துக்கும். அடிபட்ட நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். வருஷம் முடிஞ்சு இருபது நாள் ஆச்சு. அது முடியட்டும்னுதான் அவங்க வாய்தா வாங்கியிருக்காங்க."

"இருபது நாள்தானே ஐயா?"

"ஒரு நாளானாலும் அதே கதைதான்யா."

இருந்தாலும் மனுப் போட்டுப் பார்க்கிறேன், நடந்ததை ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்றார். மற்ற நாலு பேரும் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒளிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் கையெழுத்துப் போட்டேன். "எல்லோரும் சேர்ந்து தூக்கிச் சென்றோம்" என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். அந்த வாரமே கேட்டில் என் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மனு விசாரணைக்குத் தங்கை கிடங்கு வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு வந்தாள். அந்த இன்னொரு கம்பெனியின் வக்கீல் எழுந்து, இவர்கள் தெரியாமல் தவறு செய்யவில்லை, முதல் நாளே தெரிந்தும் மறைத்தார்கள் என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கயிற்றைப் பற்றிச் சொன்னேன், மேலிருந்து கத்தியவனைப் பற்றிச் சொன்னேன். "காயம்பட்டவரை ஏன் அவ்வளவு தூரம் தூக்கிச் சென்றீர்கள்?" என்று ஜட்ஜ் கேட்பதாக மொழிபெயர்ப்பவர் சொன்னார். "டோக்கன் போய்டும்ங்க" என்றேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அப்புறம் இங்கிலீஷில் தீர்ப்புச் சொன்னார். வராந்தாவில் வைத்து வக்கீல் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஜட்ஜ் நம்புகிறாராம். தப்பு அந்தக் கம்பெனியுடையது என்றே தோன்றுகிறதாம். ஆனால் கெடு தாண்டிவிட்டதால் அவர்களை இழுக்க முடியாதாம். எங்கள் கம்பெனியோ, நானே கூண்டில் ஏறிச் சொன்னபடி, இதில் சம்பந்தப்படாதவர்கள். அவர்கள் மேல் போட்ட வழக்கும் இனி நிற்காதாம்.

நம்புகிறாராம்! நம்பி என்ன செய்வது? பொய் சொன்னேன், ஒரு கம்பெனி தப்பித்தது. உண்மையைச் சொன்னேன், இன்னொரு கம்பெனியும் தப்பித்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். வக்கீல் மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டு, கேஸ் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிராம் ஏறி வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்து குழந்தையைக் கீழே விட்டதும் தங்கை, "ஒரு பர்லாங்கு தூக்கினு ஓடினீங்களா?" என்றாள். "டாக்டரு கத்தினப்ப இதான் விசயமா? யாரு சொன்னது அப்டி தூக்கினு போலாம்னு? மேஸ்திரியா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். காலையில் அத்தனை பேர் நடுவில் கூண்டில் நின்று பேசிய வாய், அப்போது திறக்கவே இல்லை.

"நான்தான் சொன்னேன்" என்றான் மாப்பிள்ளை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். "டோக்கன் போய்டும்னு மச்சான் கையப் புட்சிக்கினு நான்தான் கெஞ்சினேன். இங்க வாணாம், நம்ம கப்பலாண்ட தூக்கினு போய்டலாம்னு. அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்."

நான் சொன்ன அதே சொற்கள். அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை.

"உன் கால நீயே தொலைச்சிக்கினு வந்தியாய்யா?" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். தெரியாத்தனமாக உன்னைக் கட்டிக்கொண்டேனே என்றாள், குழந்தையை நினைத்தாயா என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வார்த்தை போதும். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சோறு போட்டாள். "நீ துன்னு அண்ணே, எங்களாலே உன் வேலையும் பூட்ச்சு" என்று என் தட்டை என் எதிரில் வைத்தாள். அவன் தட்டை எட்டத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவன் தரையில் நகர்ந்து நகர்ந்து போய் அதை எடுத்துக்கொண்டான். நான் சாப்பிட்டேன்.