பெயர் கிடைக்காவிட்டால் எண்ணே இருக்கட்டும்

பாகூர் ஏரியின் மதகுக் கதவு இறுகிப்போய்த் திறக்க முடியாமல் கிடந்தது. அதைப் பற்றி ஒரு செய்திக்காகக் கரையில் நின்று விவசாயிகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது பரிமளாவின் தம்பி சரவணன் அழைத்தான். "ண்ணா, எங்க இருக்கீங்க?" என்றான். ஏரிக்கரை என்றேன். "வேலைய முடிச்சிட்டே வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. அக்கா காலையில போயிட்டாங்க" என்றான். பிள்ளையார்குப்பம் மருத்துவமனையிலிருந்து பரிமளாவைப் போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் எதிரில் நின்றவர் சற்று முன் சொன்ன பெயரை எழுதக் குனிந்தபோது அது நினைவில் இல்லை. ஊகித்து எழுதாமல் அவரிடம் மறுபடி கேட்டேன். பரிமளா பக்கத்தில் இருந்திருந்தால் அதைச் சரி என்றிருப்பார்.

வில்லியனூரில் பரிமளாவைத் தெரிந்தவர்கள் பலர். அவர் என்ன வேலை செய்தார் என்று தெரிந்தவர்கள் குறைவு. "கம்ப்யூட்டர்ல இன்னாமோ, வூட்லயே குந்திகினு பாக்குறா" என்பதுதான் தெருவில் கிடைக்கும் பதில். கணினியின் வட்டில் உள்ள கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டி, பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தாலும் பழையபடியே இருக்குமாறு சேமித்து வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்குவதில்லை. யாரோ முன்பே எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு லைப்ரரியில், கட்டுவதற்கு முன் வட்டை வாசிக்கும் பகுதி பரிமளாவின் பொறுப்பு. இந்தக் கோப்பு எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது, யாருடையது, இது கோப்புதானா அல்லது வேறொன்றைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழியா என்று வட்டிடம் கேட்டு வாங்கி, கட்டுகிற பகுதியிடம் கொடுக்க வேண்டும். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை. "நான் உள்ள பிரிச்சிப் பாக்கறதில்லண்ணா. மேல இன்னா எழுதியிருக்குன்னு மட்டும் பாப்பேன். போஸ்ட்மேன் மாதிரி. ஆனா போஸ்ட்மேன் வெலாசத்த மாத்தி எழுதக்கூடாது பாருங்க, அதுதான் என் வேல" என்று ஒருமுறை சொன்னார்.

அவரை முதலில் பார்த்தது சண்டையில். எங்கள் மாலைப் பத்திரிகையின் அலுவலகம் ரயில்வே கேட்டுக்கு அருகே ஒரு மாடியில் இருந்தது. பின்தெருவில் அவர் வீடு. ஒரு நாள் மின்சாரம் போய் எங்கள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது படியேறி வந்தார். "சார், உங்க ஜெனரேட்டர் ஓடுனா எதுர்ல பேசறவன் குரலே எனக்குக் கேக்கல. அவன் என்னை ரைஸ் மில்லு நடத்தறியான்னு கேக்கறான்" என்றார். "கரண்ட் இல்லன்னா பேப்பர் எப்படிம்மா வரும்?" என்றார் மேனேஜர் சம்பந்தம். "லேட்டா வரட்டும். அவசரமா தெரிஞ்சிக்கற மாதிரி உங்க பேப்பர்ல இன்னா இருக்குது?" அச்சுப் பிரிவிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சம்பந்தமும் சிரித்துவிட்டார். மறுநாள் ஜெனரேட்டர் கட்டடத்தின் அந்தப் பக்கத்துக்குப் போனது. அதன் பிறகு பரிமளா என்னை அண்ணா என்றே அழைத்தார். கோபம் வந்தால் மட்டும் சார். அவரோடு பழகிய எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

சில ஆண்டுகளில் எங்கள் பத்திரிகை நின்றுபோனது. கட்டடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலையில், பொதுக் கணினியில் இருந்த பக்கங்களையும் படங்களையும் சம்பந்தமே புதிய வட்டு ஒன்றில் நகலெடுக்க உட்கார்ந்தார். நகல் முடியவே இல்லை. புதிய வட்டு நிரம்பிவிட்டது, பழையதில் பாதிகூட வரவில்லை. காரணம், பக்க வடிவமைப்பாளர்கள் செய்து வைத்திருந்த ஒரு வசதி. ஒவ்வொரு நாளின் கோப்புறைக்குள்ளும் 'இன்று' என்று ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். பழைய பக்கம் எதில் இருந்தாலும் அதைச் சொடுக்கினால் அன்றைய வேலைக்கு வந்துவிடலாம். சம்பந்தத்தின் நகல் அந்தக் குறுக்குவழியை உண்மையான கோப்புறை என்று நம்பி உள்ளே போனது. இன்றுக்குள் ஒரு இன்று இருந்தது, அதற்குள் இன்னொரு இன்று. போதாததற்கு, வந்து சேர்ந்த கோப்புகள் எல்லாம் நகலெடுத்த அன்றைய தேதியைக் காட்டின. பரிமளாவைக் கூப்பிட்டோம். திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இன்னைக்குப் பொறந்த புள்ளைங்களா? சம்பந்தம் சார், உங்க வம்சம் ஒரே நாள்ல பெருகிடுச்சி" என்றார். அவர் சார் என்றதும் சம்பந்தம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் ஒரு பதிப்பகத்திலிருந்து எனக்குக் கேள்வி வந்தது. வெள்ளத்தில் மூழ்கும் விவசாயம் பற்றிய ஒரு புத்தகத்தின் அட்டைக்கு எங்கள் பத்திரிகையில் வந்த ஒரு படம் வேண்டும் என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண், தலையில் நாற்றுக்கட்டு, நேராகக் கேமராவைப் பார்க்கும் முகம். பார்த்தவர் யாரும் மறக்காத படம். எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், யார் என்று கேட்டார்கள். எங்கள் பத்திரிகை எந்தப் படத்துக்கும் பெயர் போட்டதில்லை. 'படம்: நமது நிருபர்' என்று மட்டும் வரும். ஆனால் எங்கள் எல்லாருக்கும் தெரியும், அது வேலு எடுத்தது. இப்போது பாகூரில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கும் வேலு. ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்தும் ஒரு படத்தில்கூடப் பெயர் வராத மனிதர். சொன்னதும் அவர் தொலைபேசியிலேயே அழுதார். மறுநாள் அந்தப் படத்தைத் தேடி எடுக்க என்னோடு பரிமளா வீட்டுக்கு வந்துவிட்டார்.

பரிமளா பழைய வட்டைத் தன் கணினியில் பொருத்தியிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார். "வாங்கண்ணா, ஒரு அதிசயம் பாருங்க. உங்க எடிட்டர் எழுதுன தலையங்கம் அத்தனையும் என் பேர்ல நிக்குது." உண்மைதான். ஆசிரியரின் கோப்புகள் எல்லாவற்றுக்கும் நேரே சொந்தக்காரர் என்ற இடத்தில் பரிமளா என்று இருந்தது. வட்டில் பெயர் எழுதப்படுவதில்லை, எண் மட்டுமே எழுதப்படும் என்று விளக்கினார். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை அந்தந்தக் கணினி தனியே வைத்திருக்கும். எங்கள் கணினியில் ஆசிரியருக்குக் கொடுத்திருந்த எண்ணும் பரிமளாவின் கணினியில் அவருக்கு இருந்த எண்ணும் ஒன்று. கேட்கக்கூடாத இடத்தில் கேட்டால் வட்டு இப்படித்தான் ஊரான் பேரைச் சொல்லும். அதனால் அவர் நிரல் பெயரை எங்கள் பழைய கணினியின் பட்டியலிலேயே தேடியது. அங்கே கிடைக்காவிட்டால் பெயரைக் காலியாக விட்டு, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. வேலு வேலையை விட்டதும் அவர் கணக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தோம். நாற்றுக்கட்டுப் படத்துக்கு நேரே 1007 என்று இருந்தது. பெயரின் இடம் வெறுமை.

"இன்னாம்மா இது, ஊருக்கே தெரியும் அது என் படம்னு. பேரப் போட்டுட வேண்டிதானே?" என்றார் வேலு.

"ஊருக்குத் தெரியும். டிஸ்க்குக்குத் தெரியலியே சார்."

நான் வேலுவின் பக்கம் பேசினேன். "பரிமளா, ஆயிரத்தேழு வேலுவோட நம்பர்தான். எனக்கு நல்லாத் தெரியும்."

"நம்பர் அவரோடதுன்னு தெரியும். படம் அவரோடதுன்னு தெரியுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் வேலு. குரல் ஏறியிருந்தது.

"எனக்குத் தெரியல. தெரியலன்னா காலியா வுடணும். காலியா இருந்தா நாளைக்கு எவனாவது வந்து ரொப்புவான். தப்பா ரொப்பி வச்சிட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்." இதைப் பரிமளா எங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. பெயர் கிடைக்காத இடத்தில் பொதுவாக ஏதாவது ஒரு பெயரை நிரல் தானே போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்ட, அதே லைப்ரரியில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களோடும் மடல் மடலாக இதையே வாதாடிக்கொண்டிருந்தார்.

பிறகு 1007 என்ற எண்ணுக்குரிய கோப்புகளை எல்லாம் தேதி வாரியாக வரிசைப்படுத்தினார். வட்டையே நேராக வாசித்ததால் தேதிகள் மாறாமல் இருந்தன. சம்பந்தத்தின் நகலில் இதைப் பார்த்திருக்க முடியாது. விரலால் திரையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "ஜனவரியோட நின்னு போவுது. அப்புறம் ஜூலையில திரும்ப ஆரம்பிக்குது. நடுவுல எங்க போனீங்க?"

"நடுவுலயா? நான்தான் ஜனவரியோட வுட்டுட்டேனே. அடுத்த மாசமே ஸ்டூடியோ தொறந்தேன். அண்ணன்கூட வந்தாரே" என்றார் வேலு. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. நாற்றுக்கட்டுப் படம் அந்த ஆண்டு நவம்பரில் வட்டுக்கு வந்திருந்தது.

பரிமளா மெதுவாகச் சொன்னார். "ஒரு ஆள் போனா நம்பர் காலியாவுது. அடுத்து வர்ற ஆளுக்கு மெஷினு அதையே தூக்கிக் குடுத்துடும். பஸ்ல எழுந்து போனவங்க சீட்டு மாதிரி. யாருண்ணா அதுல வந்து உக்காந்தது?"

எனக்கு நினைவு வந்தது. பயிற்சிக்காக வந்து ஒரு மழைக்காலம் மட்டும் எங்களோடு இருந்த கௌசல்யா. கரிக்கலாம்பாக்கத்துப் பெண். கூலி வேலைக்குப் போகும் குடும்பம். அலுவலகக் கேமராவில் எடுப்பாள், பிறகு வீட்டு நிலைமையால் வேலையை விட்டுவிட்டாள், அவள் கணக்கையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது அவள் ஊரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். படத்தை அவள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன், எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில். யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. படத்தில் இருப்பது யார் என்று மட்டும் கேட்டேன்.

"எங்க பெரியம்மா சார். அஞ்சல. ஏன் சார், எதுனா பிரச்சனையா?"

"எந்த இடம்மா இது? பாகூர் ஏரிக்குப் பின்னாடியா?"

"அய்ய, எங்க ஊரு சார். அந்த நெலம் இப்ப பிளாட்டாயிடுச்சி. அன்னைக்குப் பெரியம்மா திட்டித் தீத்துட்டாங்க. 'ஊரே முழுவுது, இவ போட்டோ புடிக்கறா. வந்து ஒரு கட்டு தூக்குடி'ன்னு. அந்தக் கோவத்தோட பாக்கறாங்க பாருங்க. எடுத்துட்டு நானும் எறங்கித் தூக்கினேன். கேமரா மட்டும் நனையல சார், சத்தியமா." அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அலுவலகக் கேமராவைப் பற்றித்தான் விசாரிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

வேலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏரிப் பின்னாடி இதே மாதிரி எத்தினியோ வாட்டி எடுத்தேன். அதுல ஒண்ணுன்னே நெனச்சிகினு இருந்துட்டேன்" என்றார். பொய் சொன்னவரின் குரல் அல்ல அது. எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். "பதிப்பகத்துக்கு நானே சொல்லிடறேன். அந்தப் பொண்ணு பேரு இன்னா, கௌசல்யாவா?" வாசல் வரை போனவர் திரும்பினார். "என்னோடதுக்காவது என் பேரப் போடுவியாம்மா?"

"ஜனவரி வரைக்கும் போடறேன்ணா" என்றார் பரிமளா. அண்ணா என்றதை வேலு கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். வேலுவின் படங்கள் இன்னின்ன நாள் வரை, கௌசல்யாவின் படங்கள் இன்னின்ன நாள் முதல் என்று கட்டோடு ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

அப்போதே அவர் சிகிச்சையில் இருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். எவ்வளவு நாள் என்று டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "தெரியலன்னு சொல்லிட்டாருண்ணா. காலியா வுட்டிருக்காரு. நல்ல டாக்டரு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஏரிக்கரையிலிருந்து நான் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. சரவணன், அக்காவின் கணினியில் எங்கெங்கிருந்தோ மடல்கள் வந்துகொண்டிருப்பதாகவும் ஒரு பெயரும் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னான். வேலு முன்பே வந்து சாமியானாவுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவர்தான் கௌசல்யாவுக்குச் சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையில் மாலையும் அந்தப் புத்தகமும். அட்டையில் அவள் பெரியம்மா முறைத்துக்கொண்டிருந்தார். உள்பக்கத்தில் படம் எடுத்தவர் பெயர் கௌசல்யா என்று இருந்தது.

"சார், நான் அவங்கள பாத்ததே இல்ல. ஒரு வார்த்த பேசினதில்ல. அவங்க எப்படி இருப்பாங்கன்னுகூடத் தெரியாது" என்றாள். உள்ளே அழைத்துப் போய் முகத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரிமளா கட்டிக் கொடுத்த கட்டு என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதில் 1011 என்று ஓர் எண் வருகிறது. ஏழெட்டுப் படங்கள். நனைந்த பேருந்து நிறுத்தம், கரும்பு வண்டி, ஆடி அசைந்து மங்கலாகிப்போன ஒரு நாரை. யார் எடுத்தது என்று பழைய சகாக்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு பெயர் தோன்றுகிறது. அதை எழுதவில்லை. சொந்தக்காரர் வரும் வரை இருக்கட்டும் என்று அந்த இடத்தைப் பரிமளா விட்டபடியே விட்டு வைத்திருக்கிறேன்.