காமிராவுக்கு எட்டாத பக்கம்

ரெஜிலா என் பெண்டாட்டி. நான் கொத்தன். சாரம் முறிந்து விழுந்து இடுப்பெலும்பு போனது. அன்றிலிருந்து நாலு வருஷமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில். என்னைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில், ஓமனா என்ற எண்பது வயது அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சில்லை, தானாகப் புரளவும் முடியாது. மகன் குமாரதாஸ் துபாயில். கட்டிலுக்கு எதிரே காமிரா மாட்டி, அங்கிருந்தே போனில் பார்ப்பார். தாயின் முகம் தெரியாவிட்டால் உடனே கூப்பிடுவார்.

“ரெஜிலா, அம்மைய இங்கோட்டு திருப்பு.”

அதனால் இவள் அந்த அம்மாவை எப்போதும் காமிராவைப் பார்த்தே சரித்துக் கிடத்தினாள். தலை சீவி, பவுடர் போட்டு, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல். இப்படி ஒரு ஆள் கிடைக்காது என்று அவர் ஊரெல்லாம் சொன்னாராம். எனக்கும் பெருமைதான்.

ஆவணியில் ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள்.

“அம்மைக்கு கீழ அமுங்குத பக்கம் புண்ணு. விரலு உள்ள போவுது. செவப்பு கண்டப்பவே பாத்தேன். மாத்திப் போட்டா சார் கூப்பிடுவாருன்னு விட்டுட்டேன்.”

“மருந்து வச்சுக் கட்டு. யாருகிட்டயும் மிண்டாத. வேல போனா எனக்கு மருந்து உங்கப்பனா வாங்கித் தருவாரு?”

“ஆண்டவரு பாத்துட்டுல்லா இருக்காரு.”

“அவர ஏம்ட்டி இழுக்க? நீ பாடுபட்டது அவருக்குத் தெரியாதா?”

“அவருக்குன்னு செய்யலியே. காமிராவுக்குல்லா செஞ்சேன். அவருக்குன்னு செஞ்சிருந்தா கீழ்ப்பக்கத்தயும் பாத்திருப்பேன்.”

“கெட்டுப் போ” என்று போனை வைத்தேன்.

அவள் அந்த அம்மாவை மெல்லச் சுவர்ப்பக்கம் புரட்டி, துணியை விலக்கி, புண்ணைக் காமிராவுக்குக் காட்டியிருக்கிறாள். அடுத்த நிமிஷமே குமாரதாஸ் கூப்பிட்டார். அவர் பேசியதை எழுத வேண்டாம். தாய் கிடக்கும் கிடைக்கு எந்த மகனும் அப்படித்தான் பேசுவான். உடனே வீட்டை விட்டு இறங்கச் சொன்னார்.

“ஆம்புலன்சுக்கு சொல்லியாச்சு. அது வரட்டும் சார், போறேன். அதுவரைக்கும் அம்மைக்கு ஆளில்ல” என்றாளாம்.

ஒன்றரை மாதமாகிறது. செய்தி பரவிவிட்டது, யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. என் மாத்திரை தீர்ந்து பதினோரு நாள். வலியில் அவளைத்தான் திட்டுகிறேன். வேறு யாரைத் திட்ட?

அந்த அம்மாவைக் கொண்டுபோன நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரெஜிலாவுக்குப் பழக்கமான நர்சு ஒருத்தி உண்டு. நேற்று ரெஜிலா அந்த நர்சுக்குப் போன் போட்டாள். எங்கேயாவது வேலை இருக்கிறதா என்று கேட்கப் போகிறாள் என நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

“ஓமனாம்மைக்குப் புண்ணு ஆறிச்சா?” என்று மட்டும் கேட்டாள். நர்சு சொன்ன பதில் என் காதுக்கு எட்டவில்லை; அதைக் கேட்டுவிட்டு இவள் போனை வைத்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.