சுவர் காய்வதற்குள்

புது வீட்டுக்குக் குடிபோன சில நாட்களிலேயே, வருகிறவர்களுக்குப் படுக்கையறையைக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். கூடம், சமையலறை, கிணற்றடி, மொட்டைமாடி என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவேன். படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். உள்ளே மேற்குச் சுவரில், தரையிலிருந்து இடுப்புயரம் வரை பூஞ்சணம் கறுப்பாக ஏறியிருந்தது. அதற்கு மேல் நான் ஆசைப்பட்டு அடித்த ரோஸ் நிற ஆயில் பெயின்ட் அம்மைக் கொப்புளம்போல் உப்பிக்கொண்டிருந்தது. அழுத்தினால் தண்ணீர் கசியும்.

அந்த அறையில்தான் என் எட்டு வயது மகள் படுத்துக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையில், நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றபோது நாங்கள் ஒன்று வாங்கினோம். கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். நான் தினமும் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற குமாஸ்தா. அதுவரை மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இரண்டு அறை கொண்ட பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மாள் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். மழை வந்தால் அங்கே பாத்திரங்களைப் பரப்பி வைக்க வேண்டும். ஓட்டு இடுக்கில் எலி ஓடும். நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும், அவர் எருமையைத் திட்டுவது இந்தப் பக்கம் கேட்கும். அந்த வீட்டை நான் வெறுத்தேன். அதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை.

எங்கள் வீடு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. சிமெண்டு பர்மிட்டில்தான் கிடைக்கும். கிடைத்தபோது கொத்தனார் வரமாட்டார், கொத்தனார் வந்தபோது சிமெண்டு இருக்காது. பாலை அளந்து ஊற்றும்போதெல்லாம் வீட்டுக்கார அம்மாள் கேட்பார்:

"இன்னாம்மா, உன் பங்களா எந்த மட்டுக்கு கீது? என் எருமை கன்னு போட்டு, அதுவும் கன்னு போட்டுரும் போல."

பூச்சு வேலை முடிந்தபோது ஐப்பசி மழை. அடுத்து கார்த்திகை, அப்புறம் மார்கழி. மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். தை வரை பொறுக்கலாம், அதற்குள் சுவரும் கொஞ்சம் காயும் என்றார் கணவர். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு பொங்கலை அந்த அம்மாள் வாசலில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஈரம் கீதும்மா. ஆனா ஆயில் பெயின்ட் ரெண்டு கோட்டு வுட்டா வெளிய தெரியாது. யாருமே கண்டுபுடிக்க மாட்டாங்கோ."

எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

இன்னொன்றும் செய்திருந்தேன். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டருக்காக விட்டிருந்த இடத்தையெல்லாம் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். எங்கள் ஆபீஸ் அதிகாரி ஒருவர் வீட்டில் சுவர் ஓட்டை ஒடசல் இல்லாமல் வழவழவென்று இருந்தது. வென்டிலேட்டர் வைத்தால் குருவி கூடு கட்டும், துரும்பு கொட்டும்.

"வெயில் காலத்துல அனல் எந்த வழியா வெளிய போகும்?" என்றார் கணவர்.

"ஃபேன் போட்டுக்கலாம்."

"கரண்ட் போச்சுன்னா?"

"அதுக்காக ஊரே பார்க்கிற வீட்ல ஓட்டை வைக்கணுமா?"

அவர் கணக்கு வாத்தியார். விடை தப்பு என்று தெரிந்தாலும் போர்டு பக்கம் திரும்பி நின்றுகொள்கிற குணம்.

கார்த்திகை முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். ஓமப் புகை வெளியேறாமல் கூடத்திலேயே நின்றது. ஐயர் இருமினார், எல்லாரும் சிரித்தார்கள். வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்கள். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவேயில்லை.

மகளுக்கு முன்பும் மழைக்காலத்தில் லேசாக இழுப்பு வருவதுண்டு. புது வீட்டில் அது படுக்கவைக்கிற அளவுக்கு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம். பனிதான் காரணம் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். புதுப் பெயின்டும் மழையும் சேர்ந்து மரம் ஊதி, சாத்தினவை பிறகு திறக்க வரவில்லை. இழுப்பு கூடக்கூட இடுக்குகளில் பழந்துணி திணித்தேன். சுவரில் கறுப்பு ஏறியது. துடைத்தால் மறுநாள் திரும்ப வந்தது.

அப்போதுதான் கணப்புச் சட்டி யோசனை வந்தது. இவள் பிறந்தபோது என் அம்மா வீட்டில் பிள்ளை பெற்ற அறையில் கட்டிலருகே மண்சட்டியில் கரி கனன்றுகொண்டே இருக்கும். தாய்க்கும் சேய்க்கும் குளிர் அண்டாது என்பார்கள். இங்கேயும் வைத்தால் பிள்ளைக்கும் கதகதப்பு, சுவரும் காயும் என்று நினைத்தேன். என் அம்மா வீடு ஓட்டு வீடு. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஓட்டு இடுக்கில் வானம் தெரியும். அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளைப் படுக்கவைத்து, சட்டியில் கரியைப் பற்றவைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். புகை அடங்கிக் கரி சிவந்த பிறகுதான் கதவைச் சாத்தினேன். புகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பது என் எண்ணம். கணவர் மண்ணெண்ணெய் க்யூவில் நிற்கப் போயிருந்தார்.

அந்த நேரத்தில் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் வந்தார். பல்லாவரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்பேன். மாதா கோயில் பூசை முடிந்து, மழையில் நனைந்த பட்டுப் புடவையோடு, புது வீட்டுக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் குடத்தோடு வந்து நின்றார். ஆபீஸில் யாருடைய டிபன் பாக்ஸையும் அவர்கள் திறக்கும் முன்பே திறந்து பார்க்கிறவர் அவர். அவர் பார்த்தால் அது மறுநாள் செக்ஷன் முழுக்கத் தெரியும். அதனால்தான் அவரைக் கண்டதும் முதலில் என் கண் படுக்கையறைக் கதவுக்குப் போனது.

கூடத்தைக் காட்டினேன். சமையலறை மேடையைக் காட்டினேன். காப்பி கொடுத்தேன். மழையோடு மழையாக மொட்டைமாடிக் கதவு வரை ஏற்றி இறக்கினேன்.

"எல்லாம் காட்டினே. பெட்ரூம் எங்கேம்மா?"

"குழந்தை தூங்குறாக்கா. உடம்பு சரியில்ல."

"எழுப்பவா போறேன்? எட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

"இருமி இருமி இப்பத்தான் கண்ணசந்தா. அடுத்த தடவை பாருங்களேன்."

"அப்படி என்ன ஒளிச்சு வச்சிருக்கே? உன் வீட்டுக்காரர் பீரோ நிறைய நகை பண்ணிப் போட்டாரா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே கதவுக்கு முன்னால் போய் நின்றேன். முதுகு கதவில் படும்படி நின்றேன். மரம் வெதுவெதுப்பாக இருந்தது முதுகில் தெரிந்தது. உள்ளே இருமல் கேட்கவில்லை. காலையிலிருந்து ஓயாமல் இருமிக்கொண்டிருந்தவள். இருமல் நின்றதே, நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அக்காவைத் திருப்பி அனுப்ப அதுவே வசதி என்றும் நினைத்தேன்.

"நகரும்மா" என்று என் தோளைப் பிடித்து விளையாட்டாகத் தள்ளிவிட்டு அவர் கதவைத் திறந்தார்.

அனல் முகத்தில் அடித்தது. அக்கா சுவரைப் பார்க்கவேயில்லை. நேரே கட்டிலுக்குப் போனார். மகள் வாய் லேசாகத் திறந்து கிடந்தாள். கன்னம் சிவந்து ஆரோக்கியமான குழந்தைபோலிருந்தது. அக்கா அவள் கையைத் தூக்கினார். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது.

"ஐயோ, பிள்ளை!" என்று வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வராந்தா தாண்டி, வாசல் கடந்து, கொட்டுகிற மழையில் தெருவில் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேனா, அறையிலேயே நின்றேனா, ஞாபகமில்லை. "சேசுவே, சேசுவே" என்று அவர் முதுகைத் தட்டுவது மட்டும் கேட்டது. மழைநீர் பிள்ளையின் முகத்தில் ஓடியது. பிறகு அவள் அக்காவின் பட்டுப் புடவை முழுக்க வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகைச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வேண்டாம்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் டாக்டரிடம் போனோம், அக்காவும் கூட வந்தார். மூடின அறையில் கரி கனன்றால் வாசனையில்லாத நஞ்சு சேரும், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மிச்ச வாக்கியத்தை நான்தான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் நான் லீவு. அதற்கடுத்த நாள் ஆபீஸுக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சொல்லவில்லை. மேலதிகாரி வீட்டுச் சண்டையைக்கூட மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாதவர், இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் திட்டித் தீர்த்திருப்பார்கள், எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

சுவர் காயும்வரை அந்த வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது என்றார் டாக்டர். பழைய பகுதி இன்னும் காலியாகத்தான் இருந்தது; கணவர் போய்ச் சுவர் ஈரத்தையும் பெயின்டையும் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். மார்கழி முடியாத நேரத்தில், பட்டப்பகலில், கட்டிலும் பாத்திரமும் ஏற்றி, மகளையும் உட்காரவைத்த மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தோம். கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலம் வாங்கிப் போனவர்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து வண்டிச் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாம்மா, பால் பொங்கின ஈரம் காயல, அதுக்குள்ள பேஜாராயிடுச்சா? ஓட்டு வூடு ஒழுவுதுன்னு போனவங்க, மாடி வூடு ஒழுவுதுன்னு வந்துக்கினு கீறாங்கோ!"

நான் கட்டில் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனேன். மகள்தான் வண்டியிலிருந்து இறங்கி, தாழ்ந்த குரலில் அவரிடம் கேட்டாள்: "என்னாலதானே ஆயா புது வீடு வேணாம்னு வந்துட்டோம்?"

அம்மாளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "உன்னால இன்னா கண்ணு? உங்கம்மா பூசின பெயின்ட்டால. நீ உள்ள வா, பாலு காச்சி வச்சிக்கீறேன்."

பிள்ளையிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதை அவர் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார். அண்டை வீட்டில் ஒருத்தி சிரித்தாள்.

அங்கே போனதும் இழுப்பு மாயமாக மறைந்துவிடவில்லை. தை முழுக்க இருந்தது, மாசியில் குறைந்தது. கணவர் தினமும் காலையில் சைக்கிளில் போய்ப் புது வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மாலையில் சாத்திவிட்டு வருவார். ஆசாரியை வைத்து ஜன்னல்களை இழைத்தார். ஆயில் பெயின்டைச் சுரண்டச் சொன்னபோது நான் போய் நின்றேன். ரோஸ் நிறம் பாளம் பாளமாக வந்தது. அதன் பின்னால் சுவர் இன்னும் ஜில்லென்று இருந்தது. வென்டிலேட்டர் இடங்களைத் திரும்ப உடைத்தார்கள். அடைத்த அதே மேஸ்திரிதான். "நல்லாத்தானேம்மா இருந்துச்சு" என்று முனகிக்கொண்டே உடைத்தார். சித்திரை வெயிலில் வீட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு, கடைசியில் வெறும் சுண்ணாம்பு அடித்தோம். ஆவணியில் திரும்பக் குடிபோனோம். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை.

கரண்ட் போகும் மாலைகளில் எதிர்வீட்டார் விசிறியோடு தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். எங்களால் உள்ளேயே இருக்க முடிகிறது. குருவி கூடு கட்டத்தான் செய்தது. துரும்பு கொட்டத்தான் செய்கிறது. பெருக்குகிறேன். "பார்த்தியா" என்று கணவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

மகள் தூங்கப் போகும்போது தன் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறைக் கதவிடுக்கில் வைத்துவிடுகிறாள், கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளாதபடி. நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல. வீட்டுக்குள் செருப்பா என்று நான் கேட்பதும் இல்லை.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி வந்தார். பிள்ளைக்கு மாம்பழம் கொண்டுவந்திருந்தார். காப்பி குடிக்கும் முன்னாலேயே நான் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். செருப்பு அந்தப் பகலிலும் அங்கேதான் கிடந்தது. வழியில் கிடக்கிறதே என்று அக்கா குனிந்து அதை எடுத்தார்.

"எடுக்காதீங்க ஆன்ட்டி!" மகள் கூடத்திலிருந்து ஓடிவந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் செருப்பை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தார். பிறகு உள்ளே போய், ஜன்னலுக்கு நேரே நின்று, மேற்குச் சுவரை நிதானமாகப் பார்த்தார். சுண்ணாம்புக்கு அடியில் பழுப்பாக அந்தக் கறை இடுப்புயரத்துக்குத் தெரிந்தது.

"இன்னும் போகலையே" என்றார்.

"போகலக்கா" என்றேன்.