பின் இன்ஜின் பிரேக்

இரண்டு ரயில் இன்ஜின்களுக்கு நடுவே குனிந்து நுழைந்ததுமே கொக்கியக்கா திட்ட ஆரம்பித்துவிடுவார். "யாருடா இதை மண்ணுல போட்டது? உங்க வீட்டுச் சோத்துத் தட்டையும் இப்படித்தான் போடுவீங்களா?" என்று கேட்டபடியே, மணிக்கட்டுப் பருமனுள்ள கேபிளைத் தூக்கி, முனையிலிருக்கும் பித்தளை ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார்.

முன் இன்ஜின் டிரைவர் கைப்பிடியைத் தள்ளினால், ஆளே இல்லாத பின் இன்ஜினும் அதே அளவு இழுக்க வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோவது கேபிள். பிரேக்குக்குத் தனியாகக் காற்றுக் குழாய்கள். இரண்டையும் மாட்டுவதுதான் பதினெட்டு வருஷமாக அக்காவின் வேலை. மாட்டியபின் முன்னால் பிரேக் போடச் சொல்லிவிட்டு, பின் இன்ஜினைச் சுற்றி ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் மேற்பார்வையாளருக்குக் கசக்கிறது.

போன மாதம் அக்கா லீவில் இருந்த நாளில், அந்த மனிதர் பார்க்காமலே 'பின் பிரேக் சரி' என்று படிவத்தில் எழுதி வண்டியை அனுப்பினார். சரிவில் பின் இன்ஜின் பிடிக்கவில்லை. வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டித்தான் நின்றது. பழி டிரைவர் தலையில் விழுந்தது. அவர் அக்காவின் தம்பி. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பொய் எழுதியவரோ இஸ்திரி கலையாமல் வளைய வருகிறார். கூட வேலை பார்க்கும் எனக்கே வயிறு எரிகிறது, கூடப் பிறந்தவருக்கு எப்படி இருக்கும்?

"குடிச்சிருந்தானாம். தண்ணியையே அளந்து குடிக்கிற பய அவன்," என்றார் அக்கா.

இன்று காலை அதே பின் இன்ஜின் மறுபடி வந்து நின்றது. ரிப்பேருக்கே போகவில்லை, படிவத்தில்தான் எல்லாம் சரியாக இருக்கிறதே. அக்கா கேபிளையும் குழாய்களையும் மாட்டினார். முன் டிரைவர் பிரேக் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தார். மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடும்மா. பிரேக் மீட்டர் முள்ளு சரியாக் காட்டுதுன்னு டிரைவரே சொல்லிட்டாரு."

"அது முன் இன்ஜின் முள்ளு சார்."

"உன் தம்பி கதையை இதுல இழுக்காதே."

அக்கா படிவத்தை வாங்கவில்லை. பின் இன்ஜினின் கடைசிச் சக்கரத்தருகே போய்க் குந்தினார். டிரைவரும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்திருந்தால் கட்டை சக்கரத்தைக் கவ்வியிருக்கும். கத்தி முனைகூட நுழையாது. அக்கா தன் சுண்டுவிரலை அந்த இடுக்கில் விட்டு, மேற்பார்வையாளரைப் பார்த்தபடி மெதுவாக ஆட்டினார்.